தொண்டு செய்ய வரும் தலைவர்கள்

இலக்கிய விமரிசனம் என்றால் காவியத்தையும் நாவலையும் நாடகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு நயம் பாராட்டுவதே என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றி நிற்கிறது. ஆயின், ஒரு காலத்து மக்களின் மனத்தை உருவாக்குவன காவியங்கள் மட்டும் அல்ல. விளம்பரங்கள், சுற்றறிக்கைகள், ஆண்டறிக்கைகள், அழைப்புப் பிரசுரங்கள் ஆகியனவும் அவ்வேலையைச் செய்கின்றன. காவியத்தைப் படிப்போர் நூற்றுவர் எனின், இவற்றைப் படிப்போர் பதினாயிரவர். ஆகவே இவையும் விமரிசகனின் தராசில் ஏறவேண்டியவையே. அத்தகைய எழுத்து வகை ஒன்றை ஈண்டு எடுத்து ஆராயப் புகுகின்றோம்.

அமெரிக்கா, இங்கிலாந்து முதலிய நாடுகளில், பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையுள்ள மாணவ மாணவியரைக் கோடை விடுமுறையில் வேற்று நாட்டுக்கு அழைத்துச் சென்று, இரண்டு மூன்று வாரங்கள் தங்க வைத்து, சமூகத் தொண்டில் ஈடுபடுத்தித் தலைமைப் பண்பு ஊட்டுவதாகக் கூறும் நிறுவனங்கள் பல உள. தாய்லாந்து, கம்போடியா, பாலித் தீவு, இந்தியா என்று அவை செல்லும் இடங்களின் பட்டியல் நீளும். நம் மலேசியாவும் அப்பட்டியலில் உண்டு. கட்டணம் பல்லாயிரம் வெள்ளி. விமானச் செலவு பெரும்பாலும் தனி. திரும்பும்பொழுது, இத்தனை மணி நேரம் தொண்டு செய்தார் என்று மாணவர் கையில் ஒரு சான்றிதழ் கொடுக்கப்படும். கல்லூரியில் இடம் கோரும்பொழுது அது துணை செய்யும் என்பது பெற்றோரின் நம்பிக்கை. இந்நிறுவனங்கள் ஆங்கிலத்தில் வெளியிடும் அழைப்புப் பிரசுரங்களே நாம் ஆராய எடுத்துக்கொண்ட நூல்கள். இன்ன நிறுவனம் என்று சுட்டிக் குறை கூறுவது நம் நோக்கம் அன்று. பெயர்கள் வேறுபடினும் அவற்றின் எழுத்து முறை ஒன்றே. அவ்வெழுத்து முறையையே விசாரணைக்கு எடுத்துக்கொள்கின்றோம்.

முதற்கண் குணத்தைக் கூறிப் பின்னர்க் குற்றத்தைக் கூறுவது முறை. இப்பிரசுரங்கள் இளைஞனை மதித்துப் பேசுகின்றன. பதினாறு வயதுப் பிள்ளையை நோக்கி, "உன்னால் ஆகும்" என்று சொல்லுகின்றன. விடியலில் எழுந்திரு, உன் தட்டை நீயே கழுவு, கைத்தொலைபேசியைச் சில நாள் ஒதுக்கி வை, உன் நாட்டிலன்றி வேறு நாடுகளிலும் மனிதர் வாழ்கின்றனர் என்பதைக் கண்ணால் கண்டு வா என்று அழைக்கின்றன. நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் அவ்வயதுப் பிள்ளைகளுக்கு, "நீ சிறியவன், சும்மா இரு" என்னும் உபதேசமே பெரும்பாலும் கிடைக்கிறது. அவ்வளவில் அப்பிரசுரங்களிடமிருந்து நாம் கற்கவேண்டியது உண்டு. அவற்றின் நடையும் தெளிவானது, சொற்கள் சிறியன, வாக்கியங்கள் குறுகியன. படிப்போர் உள்ளத்தில் ஊக்கம் பிறக்கும் என்பதில் ஐயம் இல்லை.

நிற்க, அவ்வூக்கம் எதன்மீது கட்டப்படுகிறது என்று பார்ப்போம். அதற்குப் பெரிய தத்துவ விசாரணை வேண்டுவதில்லை. பள்ளிக்கூட இலக்கணமே போதும். இப்பிரசுரங்களில் எழுவாய் யார்? "நீ." நீ கட்டுவாய், நீ கற்பிப்பாய், நீ வழிநடத்துவாய், நீ மாற்றத்தை உண்டாக்குவாய். பயனிலை முழுவதும் அந்த "நீ"க்கே உரியது. தொண்டைப் பெறும் ஊரார் எங்கே வருகின்றனர்? கிராமத்துக்கு, குழந்தைகளுக்கு, ஏழை மக்களுக்கு என்று நான்காம் வேற்றுமையில் வருகின்றனர். நான்காம் வேற்றுமைக்குக் கொடைப் பொருள் உண்டு என்று நம் இலக்கண நூலார் கூறுவர். இப்பிரசுரங்களிலோ, நம்போன்ற மக்கள் நான்காம் வேற்றுமையிலேயே பிறந்து, அதிலேயே வளர்ந்து, அதிலேயே நின்றுவிடுகின்றனர். முப்பது பக்கம் புரட்டினும் ஊரார் ஒருவர் எழுவாயாக நின்று ஒரு வினையைச் செய்வதைக் காண்பது அரிது. அவர்கள் செய்வதாகச் சொல்லப்படும் வினை பெரும்பாலும் ஒன்றே ஒன்று: புன்னகை புரிகின்றனர்.

இது வெறும் இலக்கணக் குறும்பு என்று அன்பர்கள் தள்ளிவிடவேண்டா. யாரை எழுவாயாக எண்ணப் பழகவில்லையோ, அவரிடம் கருத்துக் கேட்கும் வழக்கமும் நமக்கு வருவதில்லை. அநாதைக் குழந்தைகளுக்குத் தொண்டு என்னும் பெயரால் கம்போடியாவிலும் நேபாளத்திலும் நடந்ததைக் காண்க. குழந்தைகளோடு விளையாட வரும் அயல்நாட்டார் பெருகப் பெருக, அவர்களுக்குக் காட்டுவதற்கென்றே விடுதிகளும் பெருகின. அங்கு வைக்கப்பட்டிருந்த குழந்தைகளுள் பெரும்பான்மையோர்க்குப் பெற்றோர் இருவரும், அல்லது ஒருவரேனும், உயிரோடு இருந்தனர் என்பது பின்னர் வெளியாயிற்று. 2019-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை, குழந்தைகளின் உரிமை குறித்த தன் தீர்மானத்தில் இத்தகைய விடுதித் தொண்டின் கேட்டையும் எடுத்துப் பேசிற்று. "உன் தாய் எங்கே?" என்று அக்குழந்தையை அதன் மொழியில் கேட்க ஒருவர் இருந்திருப்பின், அவ்விடுதிகள் அவ்வளவு வளர்ந்திரா.

இனி, "கோடை" என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் கேமரன் மலைக்குக் கோடை என்று ஒரு பருவமே இல்லை. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே குளிர்ச்சி. மழை மிகுந்த மாதங்கள், மழை குறைந்த மாதங்கள் என்பதே இங்குள்ள வேறுபாடு. கோடை என்பது அனுப்புகிற நாட்டாரின் பஞ்சாங்கம். அவர்களுக்கு விடுமுறையாயிருக்கும் ஜூன், ஜூலை மாதங்கள் நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பாட நாட்கள். ஆகவே தொண்டர் வருகின்ற நாளில் பாடம் நிற்கிறது, பிள்ளைகள் வரிசையில் நிறுத்தப்படுகின்றனர், பாட்டுப் பாடுகின்றனர், படம் எடுக்கப்படுகிறது. தொண்டின் நேரத்தைத் தொண்டு பெறுவோர் குறிக்கவில்லை என்பது அப்பிரசுரத்தின் தலைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நாம்தான் அதைப் படிப்பதில்லை.

இக்கட்டுரையாளன் தொழிலால் தோட்டக் கிராணி. கிராணிக்கு இலக்கியம் தெரியாது என்பார் இருக்கலாம், செக்ரோல் தெரியும். யார் வந்தார், எந்தப் பகுதியில் நின்றார், என்ன வேலை செய்தார், எத்தனை கிலோ கொழுந்து நிறுத்தார், முழு நாளா அரை நாளா என்பதெல்லாம் அதில் ஏறவேண்டும். பெயர் இல்லாமல் கூலி இல்லை. நிறுவை இல்லாமல் கணக்கு இல்லை. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய நாள் முதல் இம்மலையில் தேயிலை எழுந்தது இவ்வகைக் கணக்குப் புத்தகங்களின் வழியாகவே. அப்புத்தகம் இரக்கமற்றது என்பதை நாம் மறுக்கவில்லை. மனிதனை எண்ணாகவும் எடையாகவும் மட்டுமே அது கண்டது. ஆயினும் அதற்கு ஒரு நேர்மை உண்டு: செய்தவர் பெயர் செய்தவருக்கு நேரே நிற்கும்.

அழைப்புப் பிரசுரங்களையும், பயணம் முடிந்து மாணவர் எழுதும் அநுபவக் கட்டுரைகளையும் இந்தச் செக்ரோல் முறையால் சோதித்துப் பாருங்கள். "நாங்கள் ஒரு பள்ளியைக் கட்டினோம்" என்று எழுதப்படுகிறது. அத்திவாரம் தோண்டியவர் யார்? கலவை போட்ட கொத்தனார் பெயர் என்ன? அவருக்குக் கொடுத்த கூலி எவ்வளவு? மாணவர் அடுக்கிய செங்கல் எத்தனை, அவற்றுள் மறுநாள் கொத்தனார் பிரித்து அடுக்கியது எத்தனை? இவ்வினாக்களுக்கு விடை இல்லை. அங்கே பெயரோடு நிற்பவர் மாணவர் ஒருவரே, ஏனையோர் "உள்ளூர் மக்கள்." நூறு ஆண்டுகளுக்கு முன் கங்காணிமாரின் பதிவேட்டில்கூட நம் முன்னோர்க்குப் பெயர் இருந்தது. அன்பு மிகுந்த இப்பிரசுரத்தில் அது இல்லாமற் போனது வியப்பே.

இம்மலைப் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் நாம் கண்டதை இங்கு உதாரணமாகக் கூறலாம். அயல்நாட்டு மாணவர் குழு ஒன்று இரண்டு நாள் தங்கிச் சுவர்க்கு வண்ணம் தீட்டிற்று. பட்டாம்பூச்சிகளும் பூக்களும் எழுதிற்று. பிள்ளைகள் மகிழ்ந்தது உண்மை. ஆனால் அச்சுவரின் பின்புறத்தில் மழைநீர் ஓடக் கால்வாய் இல்லை. அடுத்த மழையில் ஈரம் ஏறி, பூவும் பூச்சியும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தன. கால்வாய் வெட்டவேண்டும் என்பது அங்குள்ள எல்லார்க்கும் தெரியும். வந்தவர்கள் கேட்கவில்லை, ஆகவே எவரும் சொல்லவில்லை. அதே குழுவில் ஒரு பெண், வேலை முடிந்து வந்த ஓர் அம்மையாரிடம் கொழுந்து எப்படிக் கிள்ளுவது என்று கைச்சாடையால் கேட்டாள். இப்பொழுது கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டமையால், கையால் கிள்ளும் பக்குவம் அவ்வம்மையாரைப் போன்ற மூத்தோர் சிலரிடமே இருக்கிறது. அவர் சிரித்துக்கொண்டே அவள் விரலைப் பிடித்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளக் காட்டினார். அரை மணி நேரம் அவர் ஆசிரியை, அவள் மாணவி. அந்த இரண்டு நாளில் நடந்த காரியங்களுள் சிறந்தது அதுவே என்பது நம் துணிபு. ஆயினும் தொண்டு மணிக்கணக்கில் அந்த அரை மணி ஏறியிராது. ஏனெனில் அன்று கொடுத்தவர் நம்மவர்.

இவ்வெழுத்து வகையின் மூலத்தை நோக்குவாமாயின், அது இவ்வாறு தொடங்கவில்லை என்பது விளங்கும். முதல் உலக யுத்தம் முடிந்த பின், 1920-இல், பியேர் செரேசோல் என்னும் சுவிட்ஸர்லாந்து தேசத்தார் பல நாட்டு இளைஞர் சிலரைக் கூட்டிக்கொண்டு, பிரான்ஸில் வெர்தன் போர்க்களத்தின் அருகே அழிந்து கிடந்த எஸ்ன் என்னும் கிராமத்தைத் திரும்பக் கட்டச் சென்றார். நேற்றுவரை பகைவராயிருந்த ஜெர்மானியரும் அக்குழுவில் இருந்தனர். 1934 ஜனவரி 15-இல் பீகார் நாட்டைப் பூகம்பம் குலைத்தபொழுது, அதே செரேசோல் இந்தியாவுக்கு வந்து, ராஜேந்திர பிரசாத் முதலியோர் நடத்திய நிவாரண வேலையோடு சேர்ந்து, 1937 வரையில் தவணை தவணையாகக் கிராமங்களை அமைத்தார். அவர் பொறியியல் கற்றவர். ஐம்பது வயதைக் கடந்தவர். தலைமை கற்றுக்கொள்ள அவர் வரவில்லை. ஊரார் தொடங்கி நடத்திய வேலையில் ஒரு கையாக வந்து சேர்ந்தார்.

அதன் பின் 1958-இல் இங்கிலாந்தில் அலெக் டிக்ஸன் என்பார் தொடங்கிய இயக்கம், பள்ளிப் படிப்பை முடித்த பதினெட்டு வயது இளைஞரை வெளிநாடுகளுக்கு அனுப்பிற்று. முதலில் அவர்கள் சென்ற இடங்களுள் சரவாக்கும் ஒன்று. காலப்போக்கில், பள்ளிப் பிள்ளைகளைக் காட்டிலும் பட்டமும் தொழிற்பயிற்சியும் பெற்றவர்களை அனுப்புவதே அவ்வியக்கத்தின் வழக்கமாயிற்று. ஆர்வம் மட்டும் போதாது, கைத்திறனும் வேண்டும் என்னும் பாடத்தை அதன் சரித்திரமே கற்பிக்கிறது. அமெரிக்காவின் சமாதானப் படையினர் 1962-இல் மலாயாவுக்கு வந்தனர்; 1983 வரையில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நாட்டில் பணி புரிந்தனர். அவர்களைப் பற்றியும் குறை கூறுவோர் உண்டு. ஆயினும் அவர்கள் நம் அரசாங்கத்தின் அழைப்பின்பேரில் வந்தனர். மலாய் மொழி கற்றனர். பள்ளியிலும் மருத்துவ நிலையத்திலும் இரண்டு ஆண்டு இருந்தனர். இரண்டு ஆண்டு இரண்டு வாரமாகச் சுருங்கியபொழுது, மொழி போயிற்று, திறன் போயிற்று, அழைப்பும் போயிற்று. பழைய பெருஞ்சொற்கள் மட்டும் சுருங்காமல் நின்றுவிட்டன. இவ்வெழுத்து வகையின் பெரும் பிழை இதுவே என்க: நெடுந்தொண்டுக்குத் தைத்த சட்டையைக் குறும்பயணத்துக்கு மாட்டியிருக்கிறார்கள்.

இப்பொருள்பற்றி எழுந்த மறுப்பு எழுத்துகளுள் மிகக் கூரியது, இவான் இலிச் என்னும் பாதிரியார் 1968 ஏப்ரலில் நிகழ்த்திய சொற்பொழிவு. கோடையில் மெக்ஸிகோவுக்குத் தொண்டு செய்யச் செல்லும் அமெரிக்க மாணவர்களின் கூட்டத்திலேயே, அவர்களை முன் வைத்துக்கொண்டு, அவர்களுடைய நல்லெண்ணமே தீங்கு செய்கிறது என்று அவர் பேசினார். மொழி தெரியாதவன், தன்னைப்பற்றி ஊரார் என்ன நினைக்கின்றனர் என்பதையும் அறியமாட்டான். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்வதற்கென்று வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். விருந்துக்கு அழைத்தவர் முகத்துக்கு நேரே உண்மை சொல்லும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. அவ்வகையில் அச்சொற்பொழிவு உரைநடையில் ஓர் உயர்ந்த முன்மாதிரி.

ஆயினும் நம் இலக்கண அளவுகோலை அதன்மீதும் வைத்துப் பார்ப்பது நியாயம் அன்றோ? அப்படிப் பார்த்தால், பிரசுரக்காரரின் குறை இலிச்சிடத்தும் ஒரு சிறிது இருக்கிறது. அமெரிக்க மாணவன் என்ன செய்கிறான் என்று பிரசுரம் புகழ்கிறது. அதையே இலிச் இகழ்கிறார். இரண்டிலும் பேச்சு அவனைப் பற்றியதே. மெக்ஸிகோ நாட்டுக் குடியானவர் அங்கும் வாய் திறப்பதில்லை. அவர் கெடுக்கப்படுகிறார், அல்லது காக்கப்படுகிறார். தாமாக ஒன்றும் செய்யக் காணோம். "வராதே" என்று சொல்லும் உரிமை அக்குடியானவர்க்கு உரியது. "வா" என்று சொல்லும் உரிமையும் அவர்க்கே உரியது. அவருக்காகப் பிறர் அதைச் சொல்லுவது, எவ்வளவு நன்றாகச் சொல்லினும், அரை நியாயமே.

திருக்குறளில் ஒப்புரவறிதல், ஈகை என்று இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்பதை அன்பர்கள் அறிவர். இரண்டும் கொடுப்பதைப் பற்றியவையே எனின், வள்ளுவர் ஏன் இரண்டாகப் பிரித்தார்? ஈகை, இல்லாதவர்க்கு உள்ளவர் கொடுப்பது. ஒப்புரவு, தாம் வாழும் உலகத்தின் நடையை அறிந்து, அதற்குத் தாம் செய்யவேண்டிய கடமையைச் செய்வது. ஈகையில் கொடுப்பவர் ஒரு புறம், கொள்பவர் ஒரு புறம். ஒப்புரவிலோ இருவரும் ஒரே உலகத்தவர். ஈகைக்கு முன்பாக ஒப்புரவு வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கவனிக்க. நாம் ஆராயும் பிரசுரங்கள் ஈகையை அறியும், ஒப்புரவை அறியா.

நிற்க, பிறரைக் குறை கூறிவிட்டு நம் முதுகைத் தடவிக்கொள்வது விமரிசனம் ஆகாது. நம் எழுத்தையும் சிறிது புரட்டிப் பார்ப்போம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நகரத்துச் சங்கங்கள் தோட்டத்துக்கு வருகின்றன. அரிசிப் பையும் எண்ணெய்ப் புட்டியும் துணியும் கொணர்கின்றன. பின்னர் வெளியாகும் ஆண்டு மலரைக் காண்க. தலைவர் பை கொடுக்கும் படம், செயலாளர் பை கொடுக்கும் படம், பொருளாளர் பை கொடுக்கும் படம். கொடுத்தவர் ஒவ்வொருவர்க்கும் பட்டத்தோடு பெயர் உண்டு. வாங்கிய கிழவிக்குப் பெயர் இல்லை. "வசதி குறைந்த தோட்டத்து மாது" என்பதே அவர் விலாசம். அயல்நாட்டுப் பிரசுரத்தின் நான்காம் வேற்றுமை, தமிழ் உருபோடு நம் மலர்களிலும் நன்றாகவே நிற்கிறது. நகரத்து அன்பர்கள் சினவாது இதனை எண்ணிப் பார்ப்பாராக. பை வேண்டா என்று நாம் சொல்லவில்லை. படத்தில் இருக்கும் இருவர்க்கும் பெயர் போடுங்கள் என்றே சொல்லுகின்றோம்.

தோட்டத்து இளைஞர் எழுவாயாக நின்ற காலமும் நம் சரித்திரத்தில் உண்டு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், 1946, 1947-ஆம் ஆண்டுகளில், கெடா மாநிலத்தில் பீடோங்கைச் சுற்றிய ரப்பர்த் தோட்டங்களில் தொண்டர் படை என்னும் அமைப்பு எழுந்தது. ஹார்வார்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி என்பார் அதை முன்நின்று நடத்தினார். தோட்டத்துக் கள்ளுக்கடை, வேலை செய்தவன் கூலியை அவன் வீட்டுக்கு எட்டுமுன்பே விழுங்கிக்கொண்டிருந்தது. அக்கடைகளை எதிர்த்து அத்தொண்டர்கள் மறியல் செய்தனர். 1947-இல் போலீசாரோடு மோதல் நேர்ந்தது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது, அரசாங்கம் அப்படையை அடக்கிவிட்டது. அவர்கள் வழியில் பலாத்காரம் கலந்தது என்று குற்றம் சாட்டுவோர் உண்டு; அவ்வழக்கை ஈண்டு எடுத்துக்கொள்ளவில்லை. நாம் நோக்குவது அப்பெயரை. அவர்கள் தம்மைத் தலைவர் படை என்று அழைத்துக்கொள்ளவில்லை. தொண்டர் படை என்றே அழைத்துக்கொண்டனர். தம் லயத்துக்குத் தாமே தொண்டு செய்தனர். தலைமை அதனூடே தானாக வந்தது. தலைமையைக் கற்கக் கட்டணம் கட்டி வேற்று நாட்டுக்குப் போகவேண்டும் என்பதை அவர்கள் கேள்விப்பட்டதும் இல்லை.

பள்ளி மாணவரை அயலூர்க்கு அழைத்துச் சென்று செய்த நல்ல முயற்சியும் உண்டு. இலங்கையில் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஏ. டி. ஆரியரத்ன, 1958-இல் தம் மாணவர்களோடு, சாதியால் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கனத்தொலுவ என்னும் கிராமத்துக்குச் சென்று முகாம் அமைத்தார். மாணவர் அக்கிராமத்தாரோடு தங்கினர். அவர்களோடு சேர்ந்து உழைத்தனர். சர்வோதய சிரமதான இயக்கம் அவ்விடத்தில் பிறந்தது. அம்மாணவர் கட்டியதைக் காட்டிலும் பெரிது, அவர்கள் உடைத்தது: தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கியவரோடு ஒரே இடத்தில் உண்டு உறங்கிய அச்செயல். அதற்கு மொழிபெயர்ப்பாளன் வேண்டியதில்லை; விமானமும் வேண்டியதில்லை. தன் நாட்டில், தன் மொழியில், தன் சாதி நின்ற இடத்திலிருந்து இறங்கி வரவேண்டியதே அங்குள்ள பிரயாணம். அது ஆயிரம் மைல் விமானப் பிரயாணத்தினும் கடினமானது.

இவ்வளவும் கூறியதால், அயல்நாட்டு இளைஞர் நம் மலைக்கு வரவேண்டா என்பது நம் கட்சி என்று எவரும் கருதற்க. மனிதர் மனிதரைக் காண்பது நன்று. வருவோர்க்கு எழுதப்படும் பிரசுரம் எவ்வாறு இருக்கவேண்டும் என்பதே கேள்வி. நம் அபிப்பிராயத்தில், நல்ல பிரசுரம் ஒன்றில் நான்கு செய்திகளேனும் இருத்தல் வேண்டும். அழைத்தவர் யார் என்பது முதலாவது. ஊரிலோ பள்ளியிலோ உள்ள இன்னார் இன்ன வேலைக்கு அழைத்தார் என்று தெளிவாக இருக்கட்டும். அவ்வேலையை நடத்தும் உள்ளூர்த் தலைவர் யார், அவர் பெறும் ஊதியம் எவ்வளவு என்பது இரண்டாவது. மாணவன் செலுத்தும் பணத்தில் ஊருக்குச் சேர்வது எவ்வளவு என்பது மூன்றாவது. சென்ற ஆண்டு செய்த வேலை இந்த ஆண்டு எந்நிலையில் இருக்கிறது என்பது நான்காவது. உதிர்ந்த பட்டாம்பூச்சியையும் மறையாமல் எழுதட்டும். இந்நான்கும் இருந்தால், "தலைமை" என்னும் சொல் அப்பிரசுரத்தில் ஒருமுறைகூட வராவிட்டாலும் குறை இல்லை. தலைவர் ஒருவர் கீழ் ஒழுங்காக வேலை செய்வது எப்படி என்று அப்பிள்ளை கற்றுக்கொண்டு போவான். தலைமைக்கு அதைக் காட்டிலும் நல்ல தொடக்கம் எது?

நம் பக்கத்திலும் கடமை உண்டு. தலைமையாசிரியர்களும் பெற்றோர் சங்கத்தாரும், "வருகிறோம்" என்று கடிதம் வந்தவுடன் மாலைக்கும் மேளத்துக்கும் ஏற்பாடு செய்யாமல், "எங்களுக்கு வேண்டியது இது, எங்களுக்கு உகந்த நாள் இது, எங்கள் பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் இசைவின்றி எடுத்தல் கூடாது" என்று பதில் எழுதவேண்டும். அவ்வாறு எழுதினால் வருகிறவர் வராமற் போய்விடுவாரோ என்று அஞ்சவேண்டா. கேட்டதைச் செய்ய மனமில்லாதவர் வராமற் போவதே ஊருக்கு நன்மை. இம்மலையில் நம்மோடு வாழும் செமாய் மக்களின் கம்போங்குகளுக்கு நம் இளைஞர் சங்கங்கள் அரிசிப் பையோடு போகும்பொழுதும், இதே கடிதத்தை அவர்களிடமிருந்து பெற நாம் ஆயத்தமாயிருக்கவேண்டும். நமக்கு வேண்டும் என்று கேட்கும் மரியாதையைப் பிறர்க்கு மறுப்பது நியாயம் அன்று.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. ரிங்லட்டிலும் தானா ராத்தாவிலும், போவிலும் சுங்கை பாலாஸிலும் பதினாறு வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கின்றனர். அயல்நாட்டு மாணவன் தன் அநுபவத்தை எழுதி அச்சில் ஏற்றுகிறான். தனக்கு வணக்கம் சொன்ன தோட்டத்துப் பிள்ளையைப் பற்றி இரண்டு வரி எழுதுகிறான். அந்தத் தோட்டத்துப் பிள்ளை அவனைப் பற்றி எழுதியதை நாம் எங்கேயும் படித்ததில்லை. வந்தவன் என்ன கேட்டான், என்ன கேட்காமல் விட்டான், எதைக் கண்டு வியந்தான், எங்கே கால் இடறினான் என்று அப்பிள்ளை எழுதட்டும். தன் தோட்டத்துக்கு எது வேண்டும், அதை யார் யார் சேர்ந்து செய்யலாம் என்பதையும் எழுதட்டும். அக்கட்டுரைக்கு இடம் கொடுப்பது தமிழ்ப் பத்திரிகைகளின் பொறுப்பு. அன்று நான்காம் வேற்றுமையில் நின்ற ஒருவர் எழுவாயாக வந்து நிற்பார். கீழே தம் பெயரையும் தாமே போடுவார்.